இறக்குமதித் தீர்வை விலைவாசியை உயர்த்துமா?
(நெல், காய்கறிக் கமக்காரருக்கான விளக்கம்)

பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிற்கு மேலே தேயிலை மலைகளும், கீழே பள்ளங்களில் வயல்களும் காணிகளும் அமைந்துள்ளன. இவ்வழியிலுள்ள மீரியபெத்த என்னும் தோட்டத்தின் பெயரை, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்களை மூடிய மண்சரிவின் பின்னரே நாட்டவர் பலர் அறிந்தனர். அத்துயரம் ஒருபுறமிருக்க, அதற்கு முன்னும் பின்னும் இப்பகுதி மக்களுக்கு நாள்தோறும் உள்ள கவலை கடைக்கணக்கைப் பற்றியதாகும். மலையிலுள்ளோர் அரிசி, கோதுமை மா, பருப்பு, உருளைக்கிழங்கு, சீனி என்பவற்றைச் சம்பளப் பணத்தில் வாங்கி உண்பவர்கள். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் கமக்காரரோ அவற்றுட் சிலவற்றை விளைவித்து விற்பவர்கள். ஒரே குடும்பத்தில் தகப்பன் கிழங்கு நாட்டுபவராயும், மகள் கொழுந்து பறிப்பவளாயும் இருத்தல் ஊவாவில் புதுமையன்று.

ஆதலால், "வெளிநாட்டுக் கிழங்கிற்குத் தீர்வை கூட்டப்பட்டது" என்னும் செய்தி வரும் நாளில் ஒரு வீட்டில் மகிழ்ச்சியும் அடுத்த வீட்டில் முணுமுணுப்பும் எழுகின்றன. சில வீடுகளில் இரண்டும் ஒருங்கே எழுகின்றன. இவ்விடயத்திற் கமக்காரர் தெளிவு பெற வேண்டிய கேள்விகள் இரண்டு. இறக்குமதித் தீர்வை, பொருளை வாங்குவோர் கொடுக்கும் விலையை உயர்த்துகின்றதா என்பது ஒன்று. அவ்வுயர்வைப் பணவீக்கம் எனலாமா என்பது மற்றது. முதற் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்பதே விடை. இரண்டாவதற்கு, தீர்வை ஒன்றினால் மாத்திரம் பணவீக்கம் உண்டாவதில்லை என்பதே விடை. இவ்விரு விடைகளையும் பிரித்தறியாதவர், தமக்குப் பயன் தராத தீர்வையைக் கேட்டு மனுக் கொடுக்கவும், தமக்குத் தீங்கு செய்யாத ஒன்றைப் பழிக்கவும் நேரிடும்.

தீர்வை என்பது யாது?

வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பொருளின்மீது அரசாங்கம் அறவிடும் வரியே இறக்குமதித் தீர்வை. பொருளின் பெறுமதியில் நூற்றுக்கு இவ்வளவு என்று அறவிடுவது ஒரு முறை. நிறையின்படி கிலோகிராம் ஒன்றுக்கு இத்தனை ரூபா என்று அறவிடுவது மற்றொரு முறை. எமது கமக்காரரின் விளைபொருளோடு போட்டியிடும் உணவுப் பண்டங்கள் பலவற்றிற்கு இரண்டாவது முறையே வழக்கிலிருந்து வந்துள்ளது. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் இதற்கு வழி செய்தது. இச்சட்டத்தின்படி நிதி அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை ஒன்றினால் அறவீட்டை விதிக்கவும், கூட்டவும், குறைக்கவும் இயலும். அவ்வாறு விதிக்கப்பட்ட பண்டத்திற்கு வேறு சுங்க வரிகள் தனித்தனியே அறவிடப்படுவதில்லை. கட்டளை ஒரே இரவில் வெளியாகலாம் என்பதைக் கமக்காரர் நினைவில் இருத்த வேண்டும். இதனால் விளையும் நன்மை தீமைகளைப் பின்னர் காண்போம்.

நிறையின்படி அறவிடுதலில் ஒரு சிறப்புண்டு. உலகச் சந்தையில் விலை வீழ்ந்தாலும் கிலோவிற்குரிய தீர்வை குறையாது நிற்கும்; ஆகவே மலிவான காலத்திலேயே உள்ளூர் விளைச்சலுக்கு அதிகக் காப்பு உண்டு. அதே காரணத்தால், மட்டமான அரிசியை வாங்கும் ஏழை, உயர்ந்த அரிசியை வாங்குவோரிலும் பார்க்கத் தம் செலவில் பெரும் பங்கைத் தீர்வையாகக் கொடுக்கின்றார்.

இதனை அரிசிக் கணக்கினால் விளக்கலாம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் சந்தையில் நாட்டரிசி கிடைத்தற்கு அரிதாயிற்று. டிசெம்பர் மாதத்தில் அரசாங்கம் தனியார் வணிகருக்கு அனுமதிப் பத்திரமின்றி அரிசி தருவிக்கக் குறுகிய காலத்திற்கு இடமளித்தது. அவ்வரிசிக்குக் கிலோ ஒன்றுக்கு 65 ரூபா தீர்வை அறவிடப்பட்டது. அக்காலத்தில் இறக்குமதியான நாட்டரிசிக்கு உச்ச சில்லறை விலை 220 ரூபா. உள்ளூர் நாட்டரிசிக்கு 230 ரூபா. எனவே வாங்குவோர் கொடுத்த 220 ரூபாவில் பத்தில் மூன்று பங்கு தீர்வையாகும். மாதம் 40 கிலோ அரிசி உண்ணும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்குடும்பம் இவ்வரிசியை வாங்கின், மாதத்தில் 2,600 ரூபாவைத் தீர்வையாகச் செலுத்துகின்றது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே ஏறத்தாழ இரண்டு நாட் கொழுந்துக் கூடை தீர்வைக்கே போயிற்று.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என உத்தரவாத விலை அறிவித்தது. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் அறுபது முதல் அறுபத்தைந்து கிலோ வரை அரிசி கிடைக்கும். அறுபத்து நான்கு எனக் கொண்டால், ஒரு கிலோ அரிசிக்கு நெல்லின் விலையே 187 ரூபாவுக்கு மேலாகின்றது. குற்றுக்கூலியும் லொறிக்கூலியும் கடைக்காரர் இலாபமும் இதற்கு மேல் வருவன. மேற்சொன்ன 65 ரூபாத் தீர்வை இல்லாதிருந்து, வேறொன்றும் மாறாதிருந்தால், வெளிநாட்டரிசி ஏறத்தாழ 155 ரூபாவிற்குக் கடைக்கு வந்திருக்கும். அந்நிலையில் 120 ரூபா கொடுத்து நெல் வாங்க எந்த ஆலைக்காரர் முன்வருவார்? நெற் கமக்காரரை நிலைநிறுத்துவதும், லயத்திலுள்ளோரின் இரண்டு நாட் கூலியை எடுப்பதும் அதே 65 ரூபாதான். ஒருவருக்கு வருவது மற்றொருவரிடமிருந்தே வருகின்றது என்பதை மறைத்துப் பேசுவதாற் பயனில்லை.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. நாட்டின் நெல் விளைச்சல் நாட்டின் தேவைக்குப் போதியதாயிருக்கும் ஆண்டுகளில் வெளிநாட்டரிசி வருவதே இல்லை. அப்போது உள்ளூர் விலையை உள்ளூர் விளைச்சலும் ஆலைக்காரரின் கையிருப்புமே தீர்மானிக்கும். தீர்வை ஏட்டில் மாத்திரம் இருக்கும். தட்டுப்பாட்டுக் காலத்திலேயே தீர்வை விலையிற் பதிகின்றது.

தீர்வை முழுவதும் விலையிற் சேருமா?

தீர்வையை வெளிநாட்டு வணிகன் கொடுக்கின்றான் என்று சிலர் கருதுவர். பெரிய நாடொன்று வாங்குவதைக் குறைத்தால் விற்பவன் தன் விலையைச் சற்றுத் தாழ்த்தக்கூடும். இலங்கை வாங்கும் அளவோ உலகச் சந்தையில் மிகச் சிறியது. எமக்காக இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ கிழங்கின் விலையை எவரும் குறைப்பதில்லை. ஆதலால் எமது தீர்வை எமது நாட்டிலேயே விழும். அது வாங்குவோர்மீது எவ்வளவு, இடைவணிகர் இலாபத்தின்மீது எவ்வளவு என்பதே கேள்வி.

இதற்குச் சீனியின் கதையைப் போலத் தெளிவான சான்று வேறில்லை. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி சீனிக்குரிய விசேட பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. 49 ரூபா 75 சதம் குறைந்தபடியால் கடையில் விலையும் அவ்வளவு குறைதல் நியாயம். அவ்வாறு நிகழவில்லை. அரசாங்கத்திற்கு வர வேண்டிய வருமானம் போயிற்று. பாவனையாளருக்குக் கிடைக்க வேண்டிய மலிவு கிடைக்கவில்லை. இவ்விடயம் பாராளுமன்றத்திலும் வெளியிலும் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பின்னர் 2023 நவம்பரில் அதே அறவீடு மீண்டும் 50 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இம்முறை கடை விலை காத்திருக்கவில்லை. 25 சதத் தீர்வையில் முன்னரே வந்து களஞ்சியத்திற் கிடந்த சீனியும் புதிய விலைக்கே விற்கப்பட்டது.

தீர்வை இறங்கியபோது விலை இறங்கவில்லை. ஏறியபோது உடனே ஏறியது. இதற்குக் காரணம் பண்டத்தைத் தருவிப்போர் சிலராயிருத்தலே. பலர் போட்டியிடும் சந்தையில் ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றவரும் குறைக்க வேண்டும். சிலரே இருக்கும் சந்தையிற் குறைக்க வேண்டிய அவசியமில்லை. ஊவா மாகாணத்து மொனராகலை மாவட்டத்தில் பெல்வத்தை, செவனகலைச் சீனி ஆலைகளுக்குக் கரும்பு கொடுக்கும் கமக்காரர் இக்கதையைக் கூர்ந்து படிக்க வேண்டியவர்கள். தீர்வை குறைந்தால் கரும்பின் விலை தாழும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. தீர்வை குறைந்தும் கடை விலை குறையாவிடின் இடையில் நின்ற பணம் கரும்புக்காரருக்கும் வரவில்லை, தேநீர் குடிப்போருக்கும் வரவில்லை.

தீர்வை ஏதுமின்றியே விலை ஏறுவதும் உண்டு. 2023 ஓகஸ்டில் இந்திய அரசாங்கம் பெரிய வெங்காயத்தின் ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 40 வீதம் வரி விதித்தது. டிசெம்பரில் ஏற்றுமதியையே தடுத்து, 2024 மே மாதத்திலேயே தடையை நீக்கியது. அக்காலத்தில் இங்கு வெங்காயம் விலையேறியதற்கு எமது துறைமுகத்துத் தீர்வை காரணமன்று. 2024 ஜனவரியில் கரட் ஒரு கிலோ ஆயிரம் ரூபாவையும் தாண்டியதற்குக் காரணம் மலைநாட்டு மழையும் விளைச்சற் குறைவும்.

உருளைக்கிழங்கும் ஊவாக் கமக்காரரும்

பதுளை மாவட்டத்தில் மேட்டு நிலங்களிலும், நெல் அறுவடையான பின் வயல்களிலும் உருளைக்கிழங்கு நாட்டப்படுகின்றது. ஆகவே தீர்வையைப் பற்றி இங்கு எழும் பேச்சுகளிற் பெரும்பாலானவை கிழங்கைப் பற்றியவையே. இப்பயிரின் வரலாறு இறக்குமதிக் கொள்கையின் வரலாறே எனலாம். 1967இல் கிழங்கு இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதன்பின் நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் இப்பயிர் பரவிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின், 1996இல் இறக்குமதி திறந்து விடப்பட்டது. விலை வீழ்ந்து, கடன்பட்டு விதைக்கிழங்கு வாங்கியிருந்தோர் பெரிதும் இடருற்றனர். அன்றுமுதல் தீர்வை சில காலம் ஏறியும் சில காலம் இறங்கியும் வந்துள்ளது. 2025 ஓகஸ்ட் மாத இறுதியில் இறக்குமதிக் கிழங்கின் அறவீடு கிலோவுக்கு 60 ரூபாவிலிருந்து 80 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பெரிய வெங்காயத்திற்கு 50 ரூபா விதிக்கப்பட்டது.

இருபது ரூபா கூடினால் உள்ளூர்க் கிழங்கிற்கும் இருபது ரூபா கூடக் கிடைக்குமா? ஓர் உதாரணக் கணக்கிற்காக, வெளிநாட்டுக் கிழங்கு துறைமுகத்துக்கு வந்து சேரும் விலை கிலோ 130 ரூபா என வைத்துக்கொள்வோம். 60 ரூபாத் தீர்வையுடன் 190. 80 ரூபாத் தீர்வையுடன் 210. கொழும்பிலே மொத்தமாக வாங்குபவர் இவ்விலையையும் வெலிமடைக் கிழங்கின் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். உள்ளூர்க் கிழங்கின் சுவையும் நிறமும் கருதிச் சற்றுக் கூடவும் கொடுப்பார். எனவே விலை உயர்வதற்கு இடமுண்டு. ஆனால் அவ்வுயர்வைத் தடுப்பன சில.

அவற்றுள் முதன்மையானது காலம். கிழங்கு சேமித்து வைக்கக்கூடிய பண்டம். தீர்வை கூடும் என்ற பேச்சு எழுந்தவுடன் வணிகர் பழைய தீர்வையில் நிறையத் தருவித்துக் களஞ்சியத்தை நிரப்பிவிடின், கட்டளை வெளியாகிப் பல வாரங்கள் சென்ற பின்னரே சந்தையில் அதன் பலன் தோன்றும். அதற்குள் கமக்காரர் கிழங்கைத் தோண்டி விற்று முடித்திருப்பர். தோண்டும் வாரத்திற்கு ஒரு வாரம் முன்னே கூட்டப்படும் தீர்வை இவ்வாறு வணிகரின் களஞ்சியத்திற்கே இலாபமாகும். வாங்குவோர் கூடக் கொடுத்தும் விளைத்தவர் கையில் அது சேராத நிலை இதுவே.

அடுத்தது ஒரே காலத்து அறுவடை. கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்திற்கு எல்லோரும் ஒரே பத்து நாளிற் கிழங்கு கொண்டு வந்தால், அன்றைய விலையை அங்கு குவிந்துள்ள மூடைகளே தீர்மானிக்கும். துறைமுகத்துத் தீர்வையால் அக்குவியலைக் குறைக்க முடியாது.

இன்னொன்று குத்தகை. இங்கிலாந்தில் 1815ஆம் ஆண்டு முதல் 1846ஆம் ஆண்டு நீக்கப்படும் வரை தானியச் சட்டங்கள் வெளிநாட்டுக் கோதுமையைத் தடுத்து வந்தன. உழவரைக் காப்பதற்காகவே அவை என்று சொல்லப்பட்டது. ஆயினும் தானியத்தின் விலை உயர, நிலத்தின் குத்தகையும் உயர்ந்து, ஆதாயம் நிலவுடைமையாளரிடம் சென்றது எனப் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ எடுத்துக் காட்டினார். ஊவாவிலும் பிறர் வயலை ஒரு போகத்திற்குக் குத்தகைக்கு எடுத்துக் கிழங்கு நாட்டுவோர் உண்டு. கிழங்கிற்கு நல்ல விலை என்று தெரிந்தால் அடுத்த போகத்திற்குக் குத்தகை கேட்போர் பெருகுவர். வயற்காரர் தொகையைக் கூட்டுவார். விதைக்கிழங்கின் விலையும் அவ்வாறே ஏறும். சொந்தக் காணியில் நாட்டுபவருக்கும் குத்தகைக்காரருக்கும் ஒரே தீர்வை ஒரே பயனைத் தராது.

இறுதியாகக் கமக்காரர் தம் வீட்டுக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். கால் ஏக்கரிற் கிழங்கு நாட்டி 1,500 கிலோ விற்கும் ஒருவர், தீர்வை உயர்வினாற் கிலோவுக்கு 10 ரூபா கூடுதலாகப் பெறுகின்றார் எனக் கொள்வோம். வரவு 15,000 ரூபா. அவருடைய வீட்டில் மாதம் 40 கிலோ அரிசி வேண்டும். சொந்த நெல் இல்லை. அரிசிக்குரிய 65 ரூபாத் தீர்வை ஆண்டு முழுவதும் விலையில் நிற்குமாயின், அவர் ஆண்டொன்றுக்குக் கொடுப்பது 31,200 ரூபா. சீனி, பருப்பு, வெங்காயம் முதலியன தனி. தம் பயிருக்குத் தீர்வை கேட்கும்போது அயலார் பயிருக்கும் அவர் கேட்கும் தீர்வை உண்டு என்பதைக் காய்கறிக் கமக்காரர் மறந்துவிடுவது வழக்கம். இவ்வெழுத்தாளரும் கமக்காரர் கூட்டங்களில் இக்கணக்கைப் போட்டுக் காட்டியபோது நம்ப மறுத்துப் பென்சிலைக் கேட்டு வாங்கியவர் பலர்.

தீர்வை வேறு, தடை வேறு

தீர்வை இருக்கும்போது பண்டம் விலையேறியேனும் வரும். உள்ளூர் விலை, வெளிநாட்டு விலையும் தீர்வையும் சேர்ந்த தொகைக்கு மேலே போக முடியாது. அதற்கு மேல் போனால் கப்பல் வந்துவிடும். தடை விதிக்கப்பட்டால் இவ்வெல்லை இல்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஒரு கிலோ மஞ்சள் பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறியதையும், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகுகளிற் கள்ளமாக மஞ்சள் கடத்தப்பட்டதையும் யாவரும் அறிவர். கள்ளக் கடத்தலால் அரசாங்கத்திற்கு வரியும் இல்லை, வாங்குவோருக்கு மலிவும் இல்லை.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் உணவு இறக்குமதி கடுமையாகக் குறைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக் கமக்காரர் அக்காலத்தில் நல்ல விலை பெற்றனர். உலகச் சந்தையிலும் தானிய விலை ஏறிய அதே ஆண்டுகளில், காணியுமின்றிக் கூப்பன் அரிசியும் மாவும் குறைக்கப்பட்ட நிலையில், தோட்டங்களிற் பசி தலைவிரித்தாடிற்று. 1974இல் தோட்டங்களின் மரண வீதம் உயர்ந்தது. மலைநாட்டு முதியோர் அக்காலத்தை இன்றும் மறந்திலர். ஒரு நாட்டின் இரு முனைகளில், ஒரே கொள்கை ஒருவர்க்குக் கல்வீட்டையும் மற்றவர்க்குப் பட்டினியையும் கொடுத்தது.

தடை கமக்காரரின் சொந்தச் செலவிலும் விழலாம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் எவ்வளவு வீழ்ந்தது என்பதை இதனைப் படிப்போருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பணவீக்கம் எப்போது உண்டாகின்றது?

ஒரு பண்டத்தின் விலை ஒருமுறை ஏறி நின்றுவிடுதல் பணவீக்கமன்று. பொதுவாக எல்லாப் பண்டங்களின் விலையும், கூலியும், கட்டணமும் தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதே பணவீக்கம். கிழங்கிற்கு 20 ரூபாத் தீர்வை கூடினால் கிழங்கின் விலை ஒரு படி ஏறும். அடுத்த மாதம் மீண்டும் 20 ரூபா ஏறுவதற்கு அத்தீர்வை காரணமாகாது. ஓடையிற் கல்லொன்றைப் போட்டால் அவ்விடத்தில் நீர்மட்டம் உயரும். ஆற்றுப் பெருக்கு வருவதற்கு மலையில் மழை பெய்ய வேண்டும்.

விலையளவைப் பார்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டே பணவீக்க வீதத்தைக் காட்டுகின்றது. 2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதிசேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது; விலக்களிக்கப்பட்டிருந்த பல பண்டங்களும் வரிக்கு உள்ளாயின. டிசெம்பரில் 4.0 ஆக இருந்த வீதம் ஜனவரியில் 6.4 ஆயிற்று. பெப்ரவரியில் 5.9. மின்கட்டணம் குறைக்கப்பட்டு, மலைநாட்டுக் காய்கறியும் மலிவடைந்த மார்ச் மாதத்தில் 0.9 ஆக இறங்கியது. பெரிய வரியொன்று நாடு முழுவதற்கும் விதிக்கப்பட்ட ஆண்டிலேயே, செப்டெம்பர் மாதத்தில் அவ்வீதம் பூச்சியத்திற்கும் கீழே சென்றது. வரி விலையை ஒரு படி ஏற்றியது உண்மை. பணவீக்கத்தை அது தொடர்ந்து ஓட்டவில்லை என்பதும் உண்மை.

இதற்கு எதிரான காட்சி 2022. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி மிதக்க விடப்பட்டது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் சில வாரங்களில் 360 ரூபாவை அடைந்தது. ஒரு டொலர் பெறுமதியான பருப்பின் கொள்விலையில் 160 ரூபா கூடியதற்கு எத்தீர்வையும் காரணமன்று. அதற்கு முன்னர் அரசாங்கத்தின் செலவிற்காக மத்திய வங்கி பெருமளவிற் பணம் வெளியிட்டிருந்தது. எரிபொருள் கிடைக்காமலும் விலையேறியும் போனதால் லொறிக்கூலி உயர்ந்து, பண்டாரவளையிற் பயிரான போஞ்சியும் கோவாவும் கூட விலையேறின. செப்டெம்பர் மாதத்தில் கொழும்புச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8, உணவுப் பொருள்களுக்கு மாத்திரம் 94.9. ஓராண்டில் உணவின் விலை ஏறத்தாழ இரட்டித்தது. தோட்டத் தொழிலாளரின் ஆகக்குறைந்த நாட் சம்பளமோ 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாவாகவே 2024 வரை நின்றது. மீரியபெத்தவிலும் அதனையொத்த தோட்டங்களிலும் ஒரு நேரச் சோற்றை ரொட்டியாகவும், ரொட்டியை வெறுந் தேநீராகவும் மாற்றியது தீர்வையன்று; பணத்தின் பெறுமதி உருகியமையே. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்திற்கு வங்கி நேரடியாகப் பணம் கொடுப்பதை மட்டுப்படுத்தியமை இவ்வனுபவத்தின் பின்னரே.

ஆயினும் தீர்வைக்கும் பணவீக்கத்திற்கும் தொடர்பே இல்லை என்று கூறுவதும் தவறு. எரிபொருள் போன்று எல்லாவற்றிற்கும் அடிப்படையான பண்டத்தில் வரி விழுந்தால் உழவு யந்திரக் கூலி முதல் சந்தைக்கு ஏற்றும் கூலி வரை உயரும். உணவுப் பண்டங்கள் பலவற்றில் ஒரே காலத்தில் தீர்வை கூட்டப்பட்டால், தொழிலாளர் சம்பள உயர்வு கேட்பர். சம்பளம் உயர்ந்தால் கமக்காரர் கொடுக்கும் நாட்கூலியும் உயரும். அவர் கிழங்கிற்கு மேலும் விலை கேட்பார். இவ்வாறு ஒன்றையொன்று துரத்தும் ஓட்டத்திற்குப் பணத்தின் அளவும் இடங்கொடுத்தால், ஒரு படி ஏற்றமாகத் தொடங்கியது பணவீக்கமாக மாறும். இடங்கொடாவிட்டால் கிழங்கிற்குக் கூடக் கொடுத்தவர் வேறொன்றைக் குறைத்து வாங்குவார். அவ்வேறொன்று பெரும்பாலும் பிள்ளைகளின் முட்டையாகவோ பாலாகவோ இருக்கின்றது என்பது வேறு விடயம்.

கமக்காரர் மனுக் கொடுக்கும்போது

தீர்வையைக் கூட்டுமாறு கேட்பது கமக்காரரின் உரிமை. கேட்கும் முறையில் மாத்திரம் சில திருத்தங்கள் வேண்டும். "தீர்வையை உயர்த்துக" என்று மொட்டையாக எழுதுவதற்குப் பதிலாக, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று எழுதுக. தோண்டுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரேனும் தீர்வை நடைமுறைக்கு வந்தாலன்றி, களஞ்சியத்திலுள்ள பழைய சரக்கு தீராது. அறுவடை முடிந்து உள்ளூர்க் கிழங்கு சந்தையில் அருகிய மாதங்களில் தீர்வையைத் தாழ்த்துவதற்கு இசைவும் தெரிவிக்க வேண்டும். அம்மாதங்களில் உயர்ந்த தீர்வையால் எந்தக் கமக்காரருக்கும் ஆதாயமில்லை, லயத்திலும் பட்டினத்திலும் வாங்குவோருக்கோ நட்டம். பருவந்தோறும் ஏறி இறங்கும் தீர்வை முன்னரே அறிவிக்கப்பட்டிருப்பின், நாட்டும்போதே கமக்காரர் தம் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஒரே இரவில் வரும் கட்டளையை முன்னறிந்து இலாபம் காணும் வணிகருக்கும் இடம் குறையும்.

விதைக்கிழங்கு, மருந்து, தெளிகருவி ஆகியவற்றின் இறக்குமதிச் செலவு எவ்வளவு என்பதையும் மனுவிற் காட்டுக. விற்கும் கிழங்கின் தீர்வையைக் கூட்டுவதிலும், வாங்கும் உள்ளீட்டின் செலவைக் குறைப்பது சில வேளைகளில் அதிகப் பயன் தரும்; அதனால் எவருடைய சோற்றுக்கும் விலை ஏறுவதில்லை.

இக்கோரிக்கைகளுக்குச் சான்று தேவை. ஆகவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் ஒரு கொப்பியை ஒதுக்கி, வாரந்தோறும் கெப்பெட்டிபொலவில் கமக்காரருக்குக் கிடைத்த விலை, அதே வாரத்தில் ஊர்க் கடையில் உள்ளூர்க் கிழங்கும் வெளிநாட்டுக் கிழங்கும் விற்ற விலைகள், நடைமுறையிலிருந்த தீர்வை, அது மாறிய திகதி ஆகியவற்றைப் பக்கத்துப் பக்கமாக எழுதி வருக. தீர்வை கூடிய பின் கடை விலை எத்தனை நாளில் ஏறியது, கமக்காரரின் விலை எத்தனை நாளில் ஏறியது என்பன இரண்டு போகங்களுக்குள் தெரிந்துவிடும். அக்கொப்பியின் பிரதியை மனுவுடன் சேர்த்துக் கமநல சேவை நிலையத்திற் கையளிக்கலாம்.